மாரி வெள்ளமும் நண்டின் கலங்களும்

ஏறாவூர்ப் பக்கத்திலிருந்து தெற்கே ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் மட்டக்களப்பு வாவியின் தென்கோடி, கல்முனைக்கும் சொறிக்கல்முனை, நாவிதன்வெளி முதலிய ஊர்களுக்கும் இடையிலுள்ள தாழ்நிலங்களில் முடிகின்றது. வடகீழ்ப் பருவமழைக் காலத்தில் கிட்டங்கித் தாம்போதியை மூடிப் பாயும் வெள்ளம் வாவியின் உவர்ப்பைக் கரைத்துவிட, கோடையில் நீர் வற்றும்போது அதே உவர்ப்பு மீண்டும் ஏறுகின்றது. இந்த ஏற்ற இறக்கத்துக்குள் வாழும் சேற்று நண்டும் இறாலும் உயிர்தப்புவதற்கு நடத்தும் போராட்டத்தின் பெரும்பகுதி, வெறுங்கண்ணுக்குத் தெரியாமல் அவற்றின் கலங்களுக்குள் நிகழ்கின்றது.

ஒரு லீற்றர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு உண்டு. வாவி நீர் அதனிலும் மிக நீர்த்துப்போகும்போது, நண்டின் குருதி சுற்றுப்புறத்தைவிட உப்புச் செறிந்ததாகிவிடுவதால், நீர் உடலுக்குள் புகுகின்றது. உப்பு வெளியே கசிகின்றது. இந்த இழப்பை ஈடுசெய்வது பின்புறச் செவுள்களின் வேலையாகும். சக்தியை உற்பத்தி செய்யும் இழைமணிகள் நிறைந்த அச்செவுட் கலங்களின் சவ்வில் சோடியம்–பொற்றாசியம் பம்பி எனப்படும் நொதியம் அமைந்துள்ளது. கலத்தின் சக்திப் பொருளான ஏரிபி மூலக்கூறு ஒன்றைச் செலவிட்டு, மூன்று சோடியம் அயன்களைக் குருதிப் பக்கம் தள்ளி இரண்டு பொற்றாசியம் அயன்களை உள்ளெடுக்கும் இந்தப் பம்பி, நீர்த்த வாவியிலிருந்துகூட உப்பை உறிஞ்ச வழிசெய்கின்றது.

செவுள்களால் முழுவதும் ஈடுசெய்ய முடியாதபோது தசைக் கலங்களும் பொறுப்பேற்கின்றன. கிளைசீன், புரோலீன், அலனீன் போன்ற அமினோ அமிலங்களைப் பெருமளவில் சேர்த்து வைத்திருக்கும் இக்கலங்கள், நீர் புகுந்து வீங்கத் தொடங்கியதும் அவற்றின் ஒரு பகுதியை வெளியேற்றித் தம் கனவளவைப் பழைய நிலைக்குக் கொண்டுவருகின்றன. உவர்ப்பு ஏறும்போது அவற்றை மீண்டும் சேர்த்துக்கொள்கின்றன. இறாற் சதையின் இனிப்புச் சுவைக்கு இதே கிளைசீனும் அலனீனுமே பெரிதும் காரணம் என்பதால், நீரின் உவர்ப்புச் சமையற்கட்டு வரை தன் அடையாளத்தை விட்டுச் செல்கின்றது எனலாம்.

கோடையின் நெருக்கடி வேறு வகையானது. சூடான நீரில் ஒட்சிசன் குறைவாகவே கரையும். செம்பைக் கொண்ட ஈமோசயனின் என்னும் புரதமே நண்டின் குருதியில் ஒட்சிசனைச் சுமப்பதால், ஒட்சிசன் ஏறிய குருதி நீலம் பாரிக்கும். ஒட்சிசன் போதாதபோது கண்தண்டிலுள்ள சுரப்பி ஓர் ஓமோனை விடுவித்துக் குருதியில் குளுக்கோசை உயர்த்த, கலங்கள் ஒட்சிசனின்றியே அதை உடைத்துச் சிறிதளவு சக்தி பெறுகின்றன. வெப்பம் மிகுந்தால் புரதங்களின் மடிப்பும் குலைகின்றது. அவற்றைத் தாங்கி மறுபடி உரிய வடிவத்துக்கு மடிக்கும் வெப்ப அதிர்ச்சிப் புரதங்களைக் கலம் உடனடியாக உருவாக்குகின்றது. இத்தாலிய அறிவியலாளர் பெருச்சியோ ரித்தோசா 1962இல் பழ ஈக்களில் முதன்முதலாகக் கண்டறிந்து வெளியிட்ட இந்த எதிர்வினை, பற்றீரியா முதல் மனிதர் வரை காணப்படுகின்றது.

பம்பியை இயக்குவதற்கும் புரதத்தை மடிப்பதற்கும் சக்தி வேண்டும். அந்தச் சக்தி வளர்ச்சி, ஓடு கழற்றல், இனப்பெருக்கம் ஆகியவற்றுக்குரிய பங்கிலிருந்தே எடுக்கப்படுகின்றது. ஆகவே செத்து மிதப்பவற்றை மட்டும் கணக்கிட்டு வாவியின் நலத்தை அளப்பது போதாது. உயிரோடு பிடிபடும் நண்டும் பல வாரங்களாக வளராமல் நின்றிருக்கக் கூடும்.

1949இல் தொடங்கப்பட்ட கல்லோயாத் திட்டத்தால் விரிந்த வயல்வெளிகளின் வடிநீரும் இக்கரையோர நீர்நிலைகளை நோக்கியே இறங்குகின்றது. பூச்சிகளும் நண்டு, இறாலும் கணுக்காலிகள் என்ற ஒரே தொகுதியைச் சேர்ந்தவையாதலால், பூச்சியின் நரம்பு நொதியத்தை முடக்கும் மருந்து இறாலின் நரம்பையும் முடக்குகின்றது. அதன் நஞ்சை முறிப்பதற்கும் கலம் சக்தியைச் செலவிட வேண்டியுள்ளது. பெரும்போக வெள்ளாமைக்கு மருந்தடிக்கும் காலமும் உவர்ப்பு மிகக் குறையும் காலமும் மாரியில் ஒன்றாகவே வருவதால், செவுட் பம்பிகள் முழுமூச்சாக இயங்கிக்கொண்டிருக்கும் வேளையிலேயே இந்தச் சுமையும் அதே கலங்களின் மீது ஏறுகின்றது.