காவலில் இருக்கும் பிள்ளைக்கு யார் துணை?

மலாக்கா பட்டணத்திலிருந்து மெர்லிமாவ் செல்லும் பேருந்தில் ஏறினால், உம்பாயை அடைவதற்கு முன்னர் தெலுக் மாஸ் என்னும் கடலோர ஊர் வரும். ஹென்றி கர்னி பள்ளி அங்குதான் இருக்கிறது. எங்கள் தோட்டத்தில் அந்தப் பெயரை அறியாத பிள்ளைகளே இல்லை. வீட்டுப்பாடம் செய்யாவிட்டாலும், சொல்லாமல் ஆற்றுக்குக் குளிக்கப் போனாலும், "இப்படியே சுத்துனா ஹென்றி கர்னிக்குத்தான் போவே" என்பார்கள் பெரியவர்கள். பூச்சாண்டிக்கு அடுத்தபடியாக எங்களைப் பயமுறுத்திய பெயர் அது.

பிள்ளைகளைப் பயமுறுத்தத் தெரிந்த நமக்கு, ஒரு பிள்ளை உண்மையிலேயே காவலில் அகப்பட்டுக்கொண்டால் என்ன செய்ய வேண்டும் என்பது தெரிவதில்லை. இதை நான் என் வீட்டிலேயே கண்டேன்.

அப்போது நான் படிவம் மூன்றில் படித்துக்கொண்டிருந்தேன். என் சின்னம்மாவின் மகனுக்கும் என் வயதுதான். ஒரு நாள் மாலை, திருடப்பட்ட மோட்டார் சைக்கிளின் பின்னால் அமர்ந்து சென்றபோது பிடிபட்டான். ஓட்டியவனுக்கு வயது இருபதுக்கு மேல். சின்னம்மா எங்கள் வீட்டுக்கு ஓடி வந்து, "அக்கா, நீங்களாச்சும் கூட வாங்க" என்று அழுதார். அப்பாவோ, "நாம எதுக்குப் போலீஸ் ஸ்டேஷன் வாசலை மிதிக்கணும்? செஞ்சவன் அனுபவிக்கட்டும்" என்றார். அன்றிரவு எங்கள் குடும்பத்திலிருந்து யாரும் போகவில்லை. மறுநாள் சின்னம்மா தனியாகப் போய், மலாய் மொழியில் இருந்த ஒரு தாளில், என்ன எழுதியிருக்கிறது என்று புரியாமலேயே கையெழுத்திட்டு வந்தார். மலாய் படிக்கத் தெரிந்த நான் வீட்டில்தான் இருந்தேன். என்னை யாரும் கூப்பிடவில்லை. நானும் போகிறேன் என்று சொல்லவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

நம் நாட்டில் 2002 ஆகஸ்ட்டு முதல் 2001 சிறார் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. 1947ஆம் ஆண்டின் சிறார் நீதிமன்றச் சட்டத்துக்கு மாற்றாக இது வந்தது. 18 வயதுக்குக் கீழ்ப்பட்ட அனைவரும் இச்சட்டப்படி சிறாரே. 10 வயதுக்குக் குறைந்த பிள்ளை செய்யும் எதுவும் குற்றமாகாது என்கிறது தண்டனைச் சட்டம்.

ஒரு சிறாரைக் கைது செய்தவுடன் காவல் துறை இருவருக்குத் தெரிவித்தாக வேண்டும். ஒருவர் பெற்றோர் அல்லது பாதுகாவலர்; மற்றவர் சமூக நல இலாகாவின் நன்னடத்தை அதிகாரி. பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் அந்தப் பிள்ளையைச் சிறார் நீதிமன்றத்தின் முன் நிறுத்த வேண்டும். காவல் நிலையத்திலும், நீதிமன்றத்துக்குக் கொண்டு செல்லும் வழியிலும், அங்குக் காத்திருக்கும் வேளையிலும், குற்றஞ்சாட்டப்பட்ட பெரியவர்களோடு சிறாரைக் கலக்கவிடக் கூடாது. பெண் பிள்ளையானால் பெண் ஒருவரின் பொறுப்பில் இருக்க வேண்டும்.

விசாரணைக்காக மேலும் தடுத்து வைக்க வேண்டுமானால் மாஜிஸ்திரேட்டின் ஆணை தேவை. 14 ஆண்டுகளுக்குக் குறைவான சிறைத்தண்டனைக்குரிய குற்றமானால் முதலில் 4 நாள், பின்னர் 3 நாள் என்பதே உச்ச வரம்பு.

சிறார் நீதிமன்றத்தில் மாஜிஸ்திரேட்டுடன் இரண்டு ஆலோசகர்கள் அமர்வார்கள். அவர்களில் ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும். வழக்கு பொதுமக்கள் முன்னிலையில் நடப்பதில்லை. பிள்ளையின் பெயரையும் படத்தையும் ஊடகங்கள் வெளியிடக் கூடாது. குற்றச்சாட்டை அந்தப் பிள்ளைக்குப் புரியும் எளிய மொழியில் விளக்க வேண்டும். தீர்ப்பளிக்கும் முன் நன்னடத்தை அதிகாரியின் அறிக்கையை நீதிமன்றம் கவனிக்க வேண்டும். பிள்ளையின் நடத்தை, வீட்டுச் சூழல், பள்ளிப் பதிவு, உடல்நலம் ஆகியவை அதில் இடம்பெறும்.

எச்சரித்து விடுவிப்பது முதல் நன்னடத்தைக் கண்காணிப்பு, உறவினர் பொறுப்பில் ஒப்படைப்பது, அங்கீகரிக்கப்பட்ட பள்ளி, ஹென்றி கர்னி பள்ளி வரை நீதிமன்றத்துக்குப் பல வழிகள் உண்டு. 2016ஆம் ஆண்டுத் திருத்தம் சிறார் நீதிமன்றம் விதிக்கும் பிரம்படியை நீக்கி, சமூக சேவை ஆணையைச் சேர்த்தது.

ஏட்டில் இருப்பதும் நடப்பதும்

இவ்வளவு பாதுகாப்பு இருந்தும் என் தம்பி ஏன் தனித்து நின்றான்? இச்சட்டத்தின் ஒவ்வொரு படியும், பிள்ளையின் பக்கத்தில் ஒரு பெரியவர் இருப்பார் என்று நம்பியே கட்டப்பட்டிருக்கிறது. காவல் துறை தெரிவித்தால் வருவதற்கு ஒருவர் வேண்டும். ஜாமீனில் விட்டால் பொறுப்பேற்க ஒருவர் வேண்டும். நன்னடத்தை அதிகாரி வீட்டுக்கு வந்து கேட்டால் பதில் சொல்ல ஒருவர் வேண்டும். சின்னம்மாவிடம் அதிகாரி விசாரித்தபோது, பயத்தில் "எனக்கு ஒன்னும் தெரியாதுங்க" என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னார். பையன் பள்ளிக் காற்பந்துக் குழுவில் இருந்ததையோ, தங்கையைத் தினமும் அவன்தான் பள்ளிக்கு அழைத்துச் சென்றான் என்பதையோ யாரும் சொல்லவில்லை. சொல்லப்படாதது அறிக்கையில் எப்படி வரும்?

முன்பு தோட்டத்தில் ஒரு பிள்ளை தவறு செய்தால் கிராணியோ, மண்டோரோ, கோயில் தலைவரோ, தமிழ்ப்பள்ளி ஆசிரியரோ இடையில் நின்று பேசுவார். கண்டிப்பும் இருக்கும், பிள்ளையை விட்டுக்கொடுக்காத பேச்சும் இருக்கும். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. தோட்டங்கள் கைமாறின. குடும்பங்கள் மலிவு விலை அடுக்குமாடிகளுக்குக் குடிபெயர்ந்தன. தாயும் தந்தையும் பத்து பெரெண்டாமிலும் ஆயர் குரோவிலும் தொழிற்சாலைகளில் மாறி மாறி ஷிப்ட் வேலை செய்கிறார்கள். லயத்தை விட்டு வந்த நாம், இடையில் நின்று பேசும் அந்த ஆளையும் அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டோம்.

தெலுக் மாஸ் பள்ளி

என் தம்பி இறுதியில் எங்கள் பெரியவர்கள் சொல்லிப் பயமுறுத்திய அதே பள்ளிக்குத்தான் சென்றான். ஆங்கிலேயர் ஆட்சியின் கடைசிக் காலத்தில், இங்கிலாந்தின் போர்ஸ்டல் முறையைப் பின்பற்றி உருவான பள்ளி அது. 1951 அக்டோபரில் பிரேசர் மலைச் சாலையில் சுட்டுக் கொல்லப்பட்ட பிரிட்டிஷ் உயர் ஆணையர் சர் ஹென்றி கர்னியின் பெயரைத் தாங்கியிருக்கிறது. சிறைச்சாலை இலாகா அதை நடத்துகிறது. 14 வயது நிரம்பியவர்களே அங்கு அனுப்பப்படுவர். தடுப்புக் காலம் 3 ஆண்டுகள். 21 வயதுக்கு மேல் யாரையும் வைத்திருக்க முடியாது. அங்குப் பாடமும் தொழிற்கல்வியும் உண்டு. எஸ்.பி.எம். தேர்வும் எழுதலாம்.

ஆகவே அது நாம் நினைக்கும் நரகம் அன்று. ஆனாலும் வீடும் அன்று. 1995இல் நம் நாடு ஏற்றுக்கொண்ட ஐ.நா. சிறார் உரிமை உடன்படிக்கையின் 37ஆம் விதி, சிறாரைக் காவலில் வைப்பது கடைசி வழியாகவும் மிகக் குறுகிய காலத்துக்கானதாகவும் இருக்க வேண்டும் என்கிறது. அந்த விதிக்கு மலேசியா ஒதுக்கீடு செய்துகொண்டே உடன்படிக்கையில் இணைந்தது என்பதையும் நாம் அறிந்திருக்க வேண்டும்.

சென்ற ஆண்டு செங் சன்னாசிமலை ஆண்டவர் கோயில் மாசி மகத்தில் அவனைச் சந்தித்தேன். இப்போது ஒரு பட்டறையில் வேலை செய்கிறான். பள்ளியைப் பற்றி அவன் அதிகம் குறை சொல்லவில்லை. லோக்காப்பில் இருந்த முதல் இரவைப் பற்றித்தான் பேசினான். "யாராச்சும் வருவாங்கன்னு கதவையே பார்த்துக்கிட்டு இருந்தேன்டா. பக்கத்துல இருந்த ஒருத்தன், ஒத்துக்கிட்டா நாளைக்கே வீட்டுக்குப் போயிடலாம்னு சொன்னான். நானும் கோர்ட்டுல ஒத்துக்கிட்டேன்." அந்த வண்டி திருடப்பட்டது என்பது ஏறும்போது தனக்குத் தெரியாது என்று அன்றுதான் என்னிடம் சொன்னான். அதற்கு முன் அவனிடம் அதைக் கேட்டவர் யாருமில்லை; நானும் கேட்டதில்லை.

நாம் செய்யக்கூடியது

பல்கலைக்கழகம் வந்த நம்மில் பலர், குடும்பத்தில் மலாய் மொழியைத் தடையின்றிப் படிக்கத் தெரிந்த முதல் ஆள். ஆகவே அந்தத் தொலைபேசி அழைப்பு நமக்கு வரலாம். வந்தால், அன்றிரவே பெற்றோருடன் காவல் நிலையத்துக்குச் செல்வோம். பிள்ளையின் அடையாளக் கார்டு, பிறப்புப் பத்திரம், மருந்து உண்டால் மருந்து ஆகியவற்றை எடுத்துச் செல்வோம். எந்தக் குற்றத்துக்காகப் பிடித்தார்கள், விசாரணை அதிகாரி யார், நன்னடத்தை அதிகாரிக்குத் தெரிவிக்கப்பட்டதா எனப் பணிவாகக் கேட்டு எழுதிக்கொள்வோம். எந்தத் தாளையும் படித்துப் பொருள் சொல்லாமல் பெற்றோரைக் கையெழுத்திட விடக் கூடாது. கட்டணமின்றி வழக்கறிஞர் உதவி பெற 2011இல் தொடங்கப்பட்ட தேசிய சட்ட உதவி அறநிறுவனமும், அரசின் சட்ட உதவி இலாகாவும் இருக்கின்றன. குற்றத்தை ஒப்புக்கொள்ளும் முன் வழக்கறிஞர் ஒருவர் பிள்ளையிடம் பேசட்டும். நன்னடத்தை அதிகாரி வரும்போது, பிள்ளையின் நல்லதையும் கெட்டதையும் மறைக்காமல் சொல்ல ஆசிரியரையும் கோயில் பொறுப்பாளரையும் அழைப்போம். பிடிபட்ட பிள்ளையின் படத்தை வாட்ஸ்அப்பில் பரப்புவோரைத் தடுப்போம்.

இவற்றுக்கு வழக்கறிஞர் பட்டம் தேவையில்லை. பிள்ளை தவறே செய்திருந்தாலும், தண்டனையைத் தனியாகச் சுமக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. நம் பெரியவர்கள் அப்படிச் சொன்னது வெட்கத்தினால். நண்பர்களே, அடுத்த முறை ஒரு சின்னம்மா கதவைத் தட்டும்போது, "நான் வரேன்" என்று சொல்லும் ஆள் நம்மில் ஒருவராக இருக்கட்டும்.