அம்மா போன் எடுக்கலையா? தனியாக வாழும் பெற்றோருக்கு மெடிக்கல் அலாரம் எந்த அளவுக்கு உதவும்?

ராத்திரி ஒன்பதரை மணி. பெங்களூருவிலிருந்து துவாக்குடி வீட்டுக்கு போன் போடுகிறீர்கள். முழு ரிங் போகிறது, அம்மா எடுக்கவில்லை. ‘சைலன்ட்ல போட்டுட்டு தூங்கியிருப்பாங்க’ என்று பத்து நிமிஷம் கழித்து மறுபடி அடிக்கிறீர்கள். எடுக்கவில்லை. பக்கத்து வீட்டு மாமாவைப் போய்ப் பார்க்கச் சொல்லலாம் என்றால், அவர் நம்பர் உங்கள் போனில் இல்லை.

துவாக்குடி, திருவெறும்பூர், காட்டூர் பக்கம் பல வீடுகளின் கதை இதுதான். 1965-ல் தொடங்கிய பெல் பாய்லர் ஆலையை நம்பி வந்தவர்களில் பலர், ரிட்டயர் ஆனதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு சுற்றுவட்டாரத்திலேயே வீடு கட்டிக் குடியேறினார்கள். பிள்ளைகள் படித்து, வேலை தேடிக் கிளம்பிவிட்டார்கள். தமிழ்நாட்டில் 60 வயதைத் தாண்டியவர்கள் 2021-ல் 13.6 சதவீதம். 2031-ல் இது 18.2 சதவீதமாகும் என்கிறது மத்திய அரசின் மக்கள்தொகைக் கணிப்பு.

கழுத்தில் டாலர் மாதிரியோ கையில் வாட்ச் மாதிரியோ கட்டிக்கொள்ளும் மெடிக்கல் அலாரத்தை, இந்த பயத்துக்கு மருந்தாக ஆன்லைனில் விற்கிறார்கள். வாங்கலாமா?

விழுவதை விட ஆபத்து எது?

விழுந்த இடத்திலேயே கிடப்பது. எழ முடியாமல் பல மணி நேரம் தரையில் கிடந்தால் உடம்பில் நீர் வற்றும், அழுந்திய இடத்தில் புண் வரும். நசுங்கிய தசை சிதைந்து, அதன் கழிவு சிறுநீரகத்தையும் பாதிக்கலாம். பக்கவாதம் என்றால் கணக்கு இன்னும் கறார். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை அறிகுறி தொடங்கிய நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். காலையில் கதவைத் திறந்து பார்த்தபோது விழுந்து கிடந்தார் என்றால், எப்போது தொடங்கியது என்று டாக்டரிடம் யார் சொல்வது?

எப்படி வேலை செய்கிறது?

இரண்டு வகை. ஒன்றில், ஹாலில் சிம் கார்டு போட்ட ஸ்பீக்கர் பெட்டி இருக்கும். கழுத்தில் உள்ள பட்டனை அழுத்தினால் பெட்டி, பதிந்து வைத்த நம்பர்களுக்கு வரிசையாக போன் போடும். இன்னொன்றில் பட்டனுக்குள்ளேயே சிம்மும் ஜிபிஎஸ்ஸும் இருக்கும். வெளியே போகும்போதும் உதவும், ஆனால் அடிக்கடி சார்ஜ் போட வேண்டும். எதை வாங்கினாலும் தண்ணீர் புகாததாகப் பாருங்கள். வழுக்கி விழும் இடம் பெரும்பாலும் பாத்ரூம்தானே!

விழுந்ததைத் தானாகவே கண்டுபிடிக்கும் கருவிகளும் உண்டு. ஆப்பிள் வாட்சில் 2018-ல் வந்த சீரிஸ் 4 முதல் இந்த வசதி இருக்கிறது. பலமாக விழுந்து, சுமார் ஒரு நிமிஷம் அசைவே இல்லை என்றால் அதுவாக அவசர உதவிக்கு அழைக்கும். வேகமும் அதிர்ச்சியும்தான் அதற்கு அடையாளம். கட்டிலிலிருந்து மெதுவாகச் சரிந்து உட்கார்ந்துவிட்டால் இப்படிப்பட்ட கருவிகள் கோட்டை விடலாம். பாத்திரம் தேய்க்கும்போது கை ஓங்கிப் பட்டால் வீண் அலாரமும் அடிக்கும்.

இதெல்லாம் கருவியின் குறை. பெரிய குறை நம் பக்கம் இருக்கிறது. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் 90 வயதைத் தாண்டியவர்களிடம் நடத்திய ஆய்வு, 2008-ல் பிஎம்ஜே மருத்துவ இதழில் வந்தது. விழுந்தவர்களில் 30 சதவீதம் பேர் ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ தரையிலேயே கிடந்திருக்கிறார்கள். அப்படி நெடுநேரம் கிடந்த பெரும்பாலான சமயங்களில், அலாரம் வசதி இருந்தும் யாரும் அதைப் பயன்படுத்தவில்லை. சிலர் அதை மாட்டிக்கொள்ளவே இல்லை, சிலருக்கு அடுத்தவரைத் தொந்தரவு செய்ய மனசில்லை.

நம் ஊரில் மட்டும் வேறா என்ன? ‘இதை மாட்டிக்கிட்டா நான் பேஷன்ட்டுனு ஊருக்கே தெரியும்’ என்று பீரோவில் வைத்துப் பூட்டும் அப்பாக்கள் எத்தனை பேர்! அதனால் வாங்கும் முன் அவரையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். ஹாலில் கேமரா மாட்டுவதற்கும் இதே பதில்தான். கேட்காமல் மாட்டினால் அது காவல் இல்லை, வேவு.

யார் ஓடி வருவார்கள்?

பட்டன் அழுத்தியாச்சு, பெங்களூருவில் உங்கள் போன் அடிக்கிறது. அடுத்து? நீங்கள் வந்து சேர ராத்திரி முழுக்க ஆகும். 108-க்கு முகவரி சொன்னால் ஆம்புலன்ஸ் வாசலுக்கு வரும். கிரில் கேட்டில் உள்பக்கம் பூட்டு, அதைத் தாண்டிக் கதவில் தாழ்ப்பாள், பாத்ரூமில் இன்னொரு தாழ்ப்பாள். திருட்டு பயத்தில் நாமே போட்ட இத்தனை பூட்டுகளை யார் திறப்பது?

அதனால் கருவியில் பதிய வேண்டிய முதல் நம்பர் உங்களுடையது அல்ல, பத்து நிமிஷத்தில் நடந்து வரக்கூடியவருடையது. கேட் சாவியின் நகல் அவரிடம் இருக்கட்டும். உள்தாழ்ப்பாளுக்குப் பதில், வெளியிலிருந்தும் சாவி போட்டுத் திறக்கும் பூட்டு மாட்டுங்கள். பாத்ரூம் கதவைத் தாழிடாமல் சாத்தினால் போதும் என்று பேசி முடிவெடுங்கள்.

பட்ஜெட் இல்லையா? ரிமோட் காலிங் பெல் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. சுவிட்ச் உங்கள் பாத்ரூமில், தரையில் கிடந்தாலும் கை எட்டும் உயரத்தில். பெல் பக்கத்து வீட்டில். நம் தெருவுக்கு, விலை உயர்ந்த வாட்சை விட இதுதான் மேல் என்பது என் கட்சி.

அம்மாவின் மொபைலையும் ஒருமுறை பாருங்கள். 2017 முதல் இந்தியாவில் விற்கும் மொபைல்களில் அவசர பட்டன் கட்டாயம். பட்டன் போனில் 5 அல்லது 9-ஐ அழுத்திப் பிடித்தால் 112-க்குப் போகும். ஸ்மார்ட்போனில் பவர் பட்டனை எத்தனை முறை தட்ட வேண்டும் என்பது மாடலுக்கு மாடல் மாறும், செட்டிங்ஸில் பார்த்துக்கொள்ளுங்கள். 14567 என்ற முதியோர் உதவி எண் காலை 8 முதல் இரவு 8 வரைதான். ஆலோசனைக்கு நல்லது, அவசரத்துக்கு அல்ல.

ஜப்பானில் ஜோஜிருஷி நிறுவனம் 2001-லேயே ஒரு வெந்நீர் கெட்டிலை இதற்காகக் கொண்டுவந்தது. பெரியவர் டீ போட வெந்நீர் பிடித்தாரா என்ற விவரம் வெளியூர்ப் பிள்ளைக்கு மெயிலில் போய்விடும். நம் வாசலில் தொங்கும் பால் பை செய்வதும் அதே வேலைதான். ஏழு மணிக்கும் பாக்கெட் எடுக்காமல் கிடந்தால் பால்காரர் கவனிப்பார். அவரிடம் உங்கள் நம்பர் இருக்கிறதா?

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது ஒரு ஒத்திகை பாருங்கள். பாத்ரூம் தரையில் நீங்களே உட்கார்ந்து பட்டனை அழுத்துங்கள். பக்கத்து வீட்டு மாமா சாவியோடு உள்ளே வர எத்தனை நிமிஷம் ஆகிறது என்று கடிகாரத்தைப் பாருங்கள்.