வேலணையும் ஒடியற் கூழும்

கூழ் என்றதும் தமிழ்நாட்டு அன்பர்கள் கேழ்வரகை நினைப்பர். வேலணையிற் பிறந்தவர்க்கோ பனைதான் நினைவில் எழும். ஒல்லாந்தர் லைடன் எனப் பெயரிட்ட அத்தீவிலே, மழையை நம்பிய வயல் ஏமாற்றினும் பனையும் ஆழமற்ற கடலும் எளிதில் ஏமாற்றுவதில்லை. இவ்விரண்டும் ஒரு பானையிற் கூடுவதே ஒடியற் கூழ்.

ஆவணி, புரட்டாசியிற் பாத்தியிலிட்ட பனங்கொட்டைகள் தை, மாசியிற் கிழங்காகின்றன. கிழங்கை அவித்து உலர்த்தினால் புழுக்கொடியல். பச்சையாகவே பிளந்து உலர்த்தினால் ஒடியல். ஒடியலை இடித்து அரித்த மாவிற் கசப்புண்டு. ஆதலால் மாவை நீரிற் கரைத்துத் தெளியவிட்டு, மேல்நீரை வடித்து, மீண்டும் புதுநீர் விடவேண்டும். அவசரக்காரர் கூழைக் கெடுப்பது இவ்விடத்திலேதான்.

பானையில் நீர் கொதித்ததும் ஒரு பிடி அரிசி, பலாக்கொட்டை, மரவள்ளிக்கிழங்கு, பயிற்றங்காய் ஆகியவற்றை இடுவர். அவை வேகும்போது மீன்தலை, நண்டு, இறால், கணவாய் என அன்று கடல் கொடுத்ததெல்லாம் சேரும். அரைத்த செத்தல் மிளகாயும், உப்பும், முருங்கையிலையும் பின்னர் வரும். யாவும் அவிந்தபின் பழப்புளியோடு மாக்கரைசலை விட்டு, கைவிடாது துழாவுதல் வேண்டும். சோளமா இட்டுத் தடிப்பாக்குவாரும் இக்காலத்தில் உளர். அது நண்டு ரசமாகலாம், கூழாகாது.

நால்வருக்கு மட்டும் கூழ் காய்ச்சுதல் கடினம். பலவகை மீனிலும் காயிலும் சிறிது சிறிதாக இட்டாலும் பானை நிறைந்துவிடும். ஆகவே ஒரு வீட்டார் நண்டு கொணர்வர். இன்னொருவர் முருங்கையிலை உருவுவர். சுற்றமெல்லாம் வட்டமாயிருந்து பனையோலைப் பிளாவிற் குடிக்க, உறைப்புக்குத் தேங்காய்ச்சொட்டு மருந்தாகும்.

1990ஆம் ஆண்டுப் போரில் வேலணையார் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தனர். திரும்பியோர் சிலர், கடல் கடந்தோர் பலர். ரொறன்ரோவிலும் லண்டனிலும் கோடை ஒன்றுகூடல்களிற் கூழ்ப்பானை இன்றும் ஏறுகிறது. நண்டு குளிர்ப்பெட்டியிலிருந்து வருகிறது. பிளாவுக்குப் பதில் காகிதக் குவளை. மா மட்டும் ஊரிலிருந்து பொதியிற் போகிறது. ஊரிலோ பாத்தி கிண்டும் கைகள் குறைந்துவிட்டன.

வெளிநாட்டுப் பள்ளி விடுமுறையான ஆகஸ்டில் பிள்ளைகளோடு வருவோருக்கு ஒரு சங்கடமுண்டு. அது பெரும்பாலும் நல்லூர்த் திருவிழாக் காலம். பல வீடுகளில் மச்சம் தொடமாட்டார்கள். இருபத்தைந்து நாளும் கழியும்வரை பானை பரணிலேயே இருக்கும். அதற்குள் விமானச்சீட்டின் நாள் வந்துவிடாவிட்டால், மறுநாட் காலையில் வேலிக்கு மேலாக அயல்வீட்டுக்குக் குரல் போகும்: “இண்டைக்குக் கூழ், எல்லாரும் வாங்கோ!”