ஸ்போர்ட்ஸ் பைக்கில் இருவர் பயணம்: கிளம்பும் முன் கம்ப்யூட்டரில் ஒரு ஒத்திகை

கம்ப்யூட்டர் வாங்கியாகிவிட்டது. கேம்ஸ் ஆடியாகிவிட்டது, பாட்டு கேட்டாகிவிட்டது, போட்டோக்களையும் ஏற்றியாகிவிட்டது. 'இனி இதை வைத்து உருப்படியாக என்ன செய்வது?' என்று கேட்பவர்களுக்காக, நம் வீட்டு வாசலில் நிற்கும் பைக்கையே எடுத்துக்கொள்வோம். கம்ப்யூட்டரில் ஏற்கெனவே இருக்கும் பெயின்ட், ஒரு கணக்குத்தாள் புரோகிராம், இன்டர்நெட் மேப் ஆகிய மூன்றும் போதும்.

முதலில் என் அனுபவம். சென்னையிலிருந்து மதுரைக்கு என் 150 சிசி வகை ஸ்போர்ட்ஸ் பைக்கில் மனைவியுடன் கிளம்பினேன். தூரம் சுமார் 460 கி.மீ. திண்டிவனத்தில் இறங்கியபோது அவரால் காலை நேராக நீட்ட முடியவில்லை. உளுந்தூர்பேட்டையில், "என்னங்க, நீங்க பைக்லயே வாங்க. நான் பஸ்ல வந்துடறேன்" என்று சொல்லிவிட்டார். மீதி தூரம் அவர் பஸ்ஸில், நான் தனியாகப் பைக்கில். அந்தப் பயணத்துக்காக நான் வாங்கிய கையுறை, ஜாக்கெட், செல்போன் ஹோல்டர் எல்லாமே எனக்கானவை. பின்னால் உட்கார்பவருக்காக ஒரு ரூபாய்கூட செலவழிக்கவில்லை என்பது அன்றுதான் உறைத்தது.

ஏன் வலிக்கிறது?

ஸ்போர்ட்ஸ் பைக் வளைவுகளில் சாய்ந்து ஓடுவதற்காக வடிவமைக்கப்பட்டது. அதனால் ஃபுட்ரெஸ்ட் உயரத்தில் இருக்கும். ஹேண்டில்பார் தாழ்வாக இருக்கும். பின் சீட் சிறியதாகவும் முன் சீட்டைவிட உயரமாகவும் இருக்கும். ஓட்டுபவரின் உடல் எடை மணிக்கட்டில் இறங்கும். பின்னால் இருப்பவரின் முழங்கால் அதிகமாக மடங்கும். பிரேக் போடும்போதெல்லாம் அவர் முன்னால் சரிவார்.

கம்பெனிகளும் இதை அறியாதவை அல்ல. யமஹாவின் ஆர்15 பைக் 2008-ல் இந்தியாவுக்கு வந்தபோது ஒரே நீள சீட்டுடன் வந்தது. 2011-ல் வந்த இரண்டாம் வெர்ஷனில் சீட் இரண்டாகப் பிரிந்து, பின் சீட் உயர்ந்தது. பிறகு 2015-ல் 'ஆர்15 எஸ்' என்ற பெயரில் ஒரே நீள சீட் உள்ள மாடலையும் அந்தக் கம்பெனி தனியாக வெளியிட்டது. பின் சீட்டில் குடும்பத்தினரை ஏற்றிச் செல்பவர்களும் இத்தகைய பைக்கை விரும்புகிறார்கள் என்பதுதான் இதன் பொருள்.

படி 1: பெயின்டில் ஒரு எக்ஸ்ரே

நண்பர் ஒருவரை பைக்கின் முன்னால் நின்று ஹேண்டில்பாரை நேராகப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். இருவரும் ஹெல்மெட், பை சகிதம் பயணத்துக்குக் கிளம்புவது போலவே உட்காருங்கள். நான்கு மீட்டர் தள்ளி, சீட் உயரத்தில் செல்போனை வைத்து, பக்கவாட்டில் போட்டோ எடுக்கச் சொல்லுங்கள்.

போட்டோவை கம்ப்யூட்டரில் ஏற்றி பெயின்டில் திறங்கள். உடனே 'சேவ் ஆஸ்' கொடுத்து வேறு பெயரில் சேமித்துவிடுங்கள். அப்போதுதான் அசல் படம் கெடாமல் இருக்கும். இப்போது லைன் டூலைத் தேர்வு செய்து தோளிலிருந்து இடுப்புக்கு, இடுப்பிலிருந்து முழங்காலுக்கு, முழங்காலிலிருந்து கணுக்காலுக்கு என மூன்று கோடுகள் போடுங்கள். பிரின்ட் எடுத்து, பள்ளிக்கூட பாகைமானியை முழங்கால் மேல் வைத்து அளந்து பாருங்கள்.

எங்கள் படத்தில் மனைவியின் முழங்கால் கோணம் 70 டிகிரிதான் இருந்தது. நாற்காலியில் உட்காரும்போது இது சுமார் 90 டிகிரி. இன்னொன்றும் படத்தில் தெரிந்தது. அவர் முதுகில் மாட்டியிருந்த 7 கிலோ பை, அவர் தோளைப் பின்னால் இழுத்துக்கொண்டிருந்தது. பையை முதுகிலிருந்து எடுத்து டேங்க் மேல் வைக்கும் பைக்கு மாற்றினோம். சீட் தைப்பவரிடம் பின் சீட்டில் 3 செ.மீ. கெட்டியான ஃபோம் வைத்துத் தைத்தோம். மறுபடி போட்டோ எடுத்ததில் கோணம் 75 டிகிரி. ஐந்து டிகிரி கேட்கச் சிறியதுதான். ஆனால் உட்கார்ந்தவருக்கு வித்தியாசம் தெரிந்தது.

ஃபோமை இஷ்டத்துக்கு உயர்த்தாதீர்கள். உட்காரும் உயரம் கூடினால் காற்று அதிகம் அடிக்கும், பைக்கின் சமநிலையும் மாறும்.

படி 2: எடைக் கணக்கு

எக்ஸெல் இல்லாவிட்டால் கவலை வேண்டாம். 'லிப்ரே ஆபீஸ்' என்ற இலவசத் தொகுப்பில் உள்ள 'கால்க்' புரோகிராமே போதும். முதல் காலத்தில் பெயர்களையும், இரண்டாம் காலத்தில் கிலோ எடையையும் டைப் செய்யுங்கள். எங்கள் கணக்கு இதோ:

ஓட்டுபவர் – 72
பின்னால் இருப்பவர் – 58
இரண்டு ஹெல்மெட் – 3
ஜாக்கெட், ஷூ – 6
சாமான்கள் – 14

எண்களுக்குக் கீழே உள்ள கட்டத்தில் கிளிக் செய்து, கூட்டல் பட்டனை அழுத்தி என்டர் தட்டினால் 153 என்று வரும். பைக்குடன் தந்த புத்தகத்தில் அதிகபட்ச சுமை எவ்வளவு என்று பாருங்கள். எங்களுடையதில் 150 கிலோ. மூன்று கிலோ கூடுதல்! சாமான்களின் கட்டத்தில் 14-ஐ 10 ஆக மாற்றியதும், மொத்தம் தானாகவே 149 ஆனது. நோட்டுப் புத்தகத்தில் அடித்துத் திருத்துவதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

படி 3: ஸ்பிரிங்கும் டயரும்

பின் சக்கர அச்சிலிருந்து நேர் மேலே, பைக்கின் பின் பகுதியில் ஒரு இடத்தில் சிறிய டேப் ஒட்டி அடையாளம் வையுங்கள். பின் சக்கரம் தரையைத் தொடாமல் தொங்கும்படி தூக்கிப் பிடித்து ஒரு முறையும், இருவரும் சாமான்களுடன் உட்கார்ந்து ஒரு முறையும் அளந்து, கணக்குத்தாளில் எழுதுங்கள். முதல் எண்ணிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் பைக் எவ்வளவு அமுங்குகிறது என்று தெரியும். சஸ்பென்ஷனின் மொத்த அசைவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அமுங்கினால் சரி. உதாரணமாக மொத்த அசைவு 120 மி.மீ. என்றால் 40 மி.மீ. அதைவிட அதிகம் என்றால், மெக்கானிக்கிடம் சொல்லி பின் ஸ்பிரிங்கை இறுக்குங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு பள்ளத்திலும் அடி பின்னால் இருப்பவரின் இடுப்புக்குத்தான். பின் பக்கம் அமுங்கினால் ஹெட்லைட்டும் மேல் நோக்கி எதிரே வருபவர் கண்ணைக் கூச வைக்கும். அதையும் சரிசெய்யச் சொல்லுங்கள்.

டயர் காற்றழுத்தத்துக்கு, இருவர் செல்லும்போது எவ்வளவு என்று புத்தகத்தில் தனியாகக் குறிப்பிட்டிருப்பார்கள். வண்டி ஓடிச் சூடாகும் முன்பே அந்த அளவுக்குப் பிடியுங்கள்.

படி 4: வலிப் பட்டியல்

இதுதான் மிக முக்கியம். 'வலிக்கிறதா?' என்று கேட்டால் பெரும்பாலானோர் 'பரவாயில்லை' என்றே சொல்வார்கள். அதனால் எண்ணாகக் கேளுங்கள். கணக்குத்தாளில் கிலோமீட்டர், முழங்கால், இடுப்பு, தோள், குறிப்பு என ஐந்து காலங்கள் போடுங்கள். வலி இல்லை என்றால் 0, தாங்க முடியாது என்றால் 10.

சென்னையிலிருந்து மாமல்லபுரம் வரை போய்த் திரும்பி ஒத்திகை பார்த்தோம். 40 கி.மீ.யில் முழங்கால் 3, 80 கி.மீ.யில் 7. நடுவில் 5 நிமிடம் நடந்தால் 2-க்கு இறங்கியது. பெட்ரோல் டேங்க் தாங்குகிற தூரம் வேறு, முழங்கால் தாங்குகிற தூரம் வேறு என்று புரிந்தது. 60 கி.மீ.க்கு ஒரு முறை நிறுத்துவது என்று முடிவு செய்தோம்.

ஓட்டுபவருக்கும் ஒரு வார்த்தை. முழங்கால்களால் டேங்கைப் பிடித்துக்கொண்டால் மணிக்கட்டின் சுமை குறையும். பிரேக்கை மெதுவாகப் பிடித்தால் பின்னால் இருப்பவர் முன்னால் சரிய மாட்டார்.

படி 5: மேப்பில் நிறுத்தங்கள்

பிரவுசரில் கூகுள் மேப்ஸைத் திறந்து, 'டைரக்ஷன்ஸ்' கிளிக் செய்து, புறப்படும் ஊரையும் சேரும் ஊரையும் கொடுங்கள். பிறகு 'ஆட் டெஸ்டினேஷன்' மூலம் நடுவில் நிற்கும் ஊர்களைச் சேருங்கள். நாங்கள் செங்கல்பட்டு, திண்டிவனம், விழுப்புரம், உளுந்தூர்பேட்டை, பெரம்பலூர், திருச்சி, விராலிமலை, மேலூர் எனக் கொடுத்தோம். முடித்ததும் வழியை செல்போனுக்கு அனுப்பிவிடலாம்.

கவனம் தேவை

* மோட்டார் வாகனச் சட்டத்தின் 129-ஆம் பிரிவுப்படி பின்னால் அமர்பவருக்கும் ஹெல்மெட் கட்டாயம். ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ளதையே வாங்குங்கள்.

* பின்னால் அமர்பவருக்குக் கைப்பிடி, ஃபுட்ரெஸ்ட், பின் சக்கரத்தில் பாதியையாவது மறைக்கும் தடுப்பு ஆகியவை விதிப்படி இருக்க வேண்டும். அழகுக்காக இவற்றைக் கழற்றாதீர்கள்.

* ஹேண்டில்பார் போன்றவற்றை மாற்றும் முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். கம்பெனி தந்த வடிவத்தை மாற்ற 52-ஆம் பிரிவு கட்டுப்பாடு விதிக்கிறது.

அடுத்த முறை மதுரைக்கு இருவரும் பைக்கிலேயே போய்ச் சேர்ந்தோம். முந்தைய பயணத்தைவிட ஒன்றரை மணி நேரம் அதிகமானது. பட்டியலில் முழங்கால் வலி எங்கும் 4-ஐத் தாண்டவில்லை. விராலிமலைக்கு நேராகக் குறிப்புக் காலத்தில் மனைவி எழுதியிருந்தது: 'டீயில் சர்க்கரை அதிகம்.'

உங்கள் வீட்டிலும் புதிய பாகங்கள் வாங்கக் கடைக்கு ஓடும் முன், ஒரு போட்டோ எடுங்கள், ஒரு கணக்குத்தாளைத் திறங்கள். எண்களைப் பின்னால் உட்காருபவரே சொல்லட்டும்!