மருந்து தெளிக்கும் கருவியின் பாட்டரியைப் பாதுகாத்தல்

நெல்லிற் புகையான் கண்ட சமயத்தில், முதுகிற் சுமந்து மருந்து தெளிக்கும் மின்கருவி பாதி வயலில் நின்றுவிடுமாயின், நஷ்டம் பாட்டரியின் விலையோடு முடிவதன்று, பயிரும் சேதமாகும். இவ்வாறு நின்றுபோகும் பாட்டரிகள் பல உழைத்துத் தேய்ந்தவை அல்ல. மின்சாரம் ஏற்றாமல் மூலையிற் போடப்பட்டுக் கெட்டவையே.

இக்கருவிகள் பலவற்றில் இருப்பது 12 வோல்ட் ஈயப் பாட்டரி. 1859-ஆம் வருஷத்தில் பிரான்ஸ் தேசத்துக் காஸ்டன் பிளாண்டே என்பவர் கண்டுபிடித்த இனத்தைச் சேர்ந்தது அது. மின்சாரம் செலவாகும்போது அதன் தகடுகளில் ஈய சல்பேட் என்னும் உப்புப் படிகிறது. உடனே மின்சாரம் ஏற்றினால் அவ்வுப்பு நீங்கிவிடும். நாட்பட விட்டாலோ, கெட்டியான படிகமாக இறுகிவிடும். பின்னர் எவ்வளவு நேரம் ஏற்றினும் பாட்டரி பழைய பலத்தை அடையாது.

ஆகையால் குடியானவர்கள் அனுசரிக்க வேண்டிய முறைகளாவன:

1. தெளிப்பு முடிந்த அன்றே மின்சாரம் ஏற்றுக. விசை குறைந்தபின் அடியோடு தீரும்வரை கருவியை ஓட்டலாகாது.

2. கருவியோடு வந்த சார்ஜரையே உபயோகிக்க. ஏற்றும்போது ஹைட்ரஜன் வாயு வெளிப்படக்கூடுமாதலால், காற்றோட்டமுள்ள இடத்தில், நெருப்புக்கு அப்பால் வைக்க.

3. வெயிலில் வைக்கற்க. 25 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரி உஷ்ணம் ஏறுந்தோறும் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும்.

4. பருவம் முடிந்தபின் நிறைய ஏற்றி, குளிர்ந்த இடத்தில் வைக்க. சும்மா இருக்கும்போதும் மின்சாரம் மெல்லக் குறையுமாதலால் மாதம் ஒரு முறை மீண்டும் ஏற்றுக.

5. டிராக்டரில் மூடி திறக்கும் பாட்டரியாயின் வாலை நீர் மட்டுமே விடுக. கிணற்று நீரும் திராவகமும் விடலாகாது.

புதிய கருவிகள் சிலவற்றில் லிதியம் பாட்டரி உண்டு. அதற்கு முறை வேறு. நெடுநாள் வைப்பதாயின் நிறைய ஏற்றாமல் ஏறக்குறைய பாதியளவில் வைப்பதே நலம். ஈயப் பாட்டரியின் சார்ஜரை இதற்கு உபயோகித்தல் அபாயகரமானது.

பொதுவில் வாடகைக்கு விடப்படும் கருவிகளைக் கிராம அதிகாரிகள் தனியே கவனித்தல் அவசியம். பலர் கையாளும் கருவிக்குப் பொறுப்பாளர் எவருமிலர் என்றாகிவிடக்கூடும். கருவி திரும்பிய தேதியையும், மின்சாரம் ஏற்றிய தேதியையும் ஒரு புஸ்தகத்தில் எழுதிவரின் இக்குறை நீங்கும்.

கெட்டுப்போன பாட்டரியை வீட்டில் உடைத்து ஈயம் எடுத்தல் கூடாது. ஈயம் குழந்தைகளுக்குக் கொடிய விஷம். விற்றவரிடமே திருப்பிக் கொடுத்துவிடுக.