எத்தனை கிராம் கேஸ்?

சித்திரை வெயில் ஏறியதும் கார் ஏசி ஒர்க்‌ஷாப்களில் அதிகம் கேட்கும் பேச்சு, "கூலிங் பத்தலை, கேஸ் போடுங்க" என்பதுதான். அம்பாசிடர், பிரீமியர் பத்மினி, ஏசி இல்லாமல் வந்த மாருதி 800 போன்ற பழைய கார்களில் பிற்பாடு வெளியில் மாட்டிய ஏசி என்றால் இது வருஷா வருஷம் நடக்கும் காரியமாகவே ஆகிவிடுகிறது. மெக்கானிக் குழாயை மாட்டுகிறார், கேஜைப் பார்த்தபடி கொஞ்சம் கேஸ் ஏற்றுகிறார், குளிர் வருகிறது. அடுத்த கோடையில் மறுபடி முதலிலிருந்து. இதைப் பராமரிப்பு என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். உண்மையில் பழைய காரின் ஏசி ஆயுள் குறைவதற்கு இந்தப் பழக்கமே முக்கியக் காரணம். கேஸ் செலவாகித் தீரும் பொருள் இல்லை. குறைந்திருக்கிறதென்றால் எங்கோ வெளியேறியிருக்கிறது. எங்கே என்று தேடாமலும் எவ்வளவு என்று நிறுக்காமலும் ஏற்றுகிற கேஸ், பழுதை ஒரு வருஷத்துக்கு மறைத்து வைக்கிறது, அவ்வளவுதான்.

ஏசிக்குள் நடப்பது ஒரு மூடிய சுற்று. கூலிங் காயிலுக்குள் திரவமாக நுழையும் கேஸ், காருக்குள் இருக்கும் காற்றின் வெப்பத்தை வாங்கிக் கொதித்து ஆவியாகிறது. அந்த ஆவியை கம்ப்ரஸர் இழுத்து, அழுத்தி, ரேடியேட்டருக்கு முன்னால் நிற்கும் கண்டென்சருக்குத் தள்ளுகிறது. அங்கே வெப்பத்தை வெளிக்காற்றிடம் கொடுத்துவிட்டு மறுபடி திரவமாகி, டிரையர் வழியாக எக்ஸ்பான்ஷன் வால்வுக்கு வந்து சேர்கிறது. இதில் எதுவும் எரிவதில்லை. வீட்டு ஃப்ரிட்ஜ் பதினைந்து இருபது வருஷம் கேஸ் கேட்காமல் ஓடுவது அதனால்தான். அதில் மோட்டாரும் கம்ப்ரஸரும் ஒரே இரும்புக் கூட்டுக்குள் வெல்டிங் செய்து மூடப்பட்டவை, குழாய்கள் பற்றவைத்தவை. காரில் அந்த வசதி கிடையாது. எஞ்சின் பெல்ட் சுற்ற வேண்டும் என்பதால் கம்ப்ரஸரின் தண்டு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. அந்த இடத்தில் கேஸைத் தடுத்து நிறுத்துவது ஒரு சீல் மட்டுமே. எஞ்சின் அதிரும் என்பதால் இடையில் ரப்பர் ஹோஸ் வேண்டும். ஒவ்வொரு இணைப்பிலும் ஓ-ரிங் வேண்டும்.

அப்படியானால் காரில் கொஞ்சம் கசிவு இயல்புதானே, வருஷம் ஒருமுறை போட்டால் என்ன என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் எவ்வளவு கசிவு இயல்பு என்று பார்க்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் 2006-ல் கொண்டுவந்த விதி, புவி வெப்பத்தைக் கூட்டும் கேஸ் கொண்ட, ஒரே கூலிங் காயில் உள்ள கார் ஏசி ஆண்டுக்கு 40 கிராமுக்கு மேல் கசியக் கூடாது என்றது. சிறிய காரின் ஏசியில் மொத்தமாக இருப்பதே அரைக் கிலோவை ஒட்டிய கேஸ். ஆண்டுக்கு 40 கிராம் போனால், குளிர் குறைந்தது நமக்கு உறைக்கவே மூன்று நான்கு வருஷம் ஆகும். ஒரு கோடையில் ஏற்றியது அடுத்த கோடைக்குத் தாங்கவில்லை என்றால் அது இயல்பான கசிவில்லை, பழுது. பெரும்பாலும் அது கண்ணுக்கே தெரியும். கேஸோடு கம்ப்ரஸர் ஆயிலும் சேர்ந்து வெளியேறுவதால், தூசி ஒட்டி, ஹோஸ் கிரிம்ப் அருகிலோ கிளட்ச்சுக்குப் பின்னாலோ கறுத்த பிசுக்காகப் படிந்திருக்கும். கேஸ் ஏற்றும் வால்வின் பிளாஸ்டிக் மூடி காணாமல் போயிருக்கும். உள்ளே இருப்பது டயரில் உள்ளது போன்ற ஊசி வால்வுதான், மூடிக்குள் இருக்கும் ரப்பர் வளையம்தான் அதற்குக் கடைசிக் காவல். சோப்பு நுரை தடவினாலே பாதிக் கசிவுகள் பிடிபடும். எட்டாத இடத்தில் இருக்கும் கூலிங் காயிலுக்கு மட்டும் நைட்ரஜன் ஏற்றிச் சோதிப்பதோ எலக்ட்ரானிக் டிடெக்டரோ தேவைப்படும்.

வெளியில் மாட்டிய ஏசிக்கே உரிய சிக்கல் இதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. கம்பெனி ஏசி உள்ள காரில் பானட்டுக்கு அடியில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். எந்த கேஸ், எத்தனை கிராம் என்று அதில் அச்சிட்டிருக்கும். ஒர்க்‌ஷாப்பில் கூட்டிச் சேர்த்த ஏசிக்கு அப்படி எதுவும் இல்லை. ஹோஸ் அங்கேயே அளந்து வெட்டியது, கண்டென்சர் கிரில்லுக்குப் பின்னால் எது அடங்கியதோ அது, கம்ப்ரஸர் சில வேளை வேறு மாடல் காருடையது. எவ்வளவு கேஸ் வேண்டும் என்று எங்கேயும் எழுதப்படாததால் எல்லாரும் கேஜை நம்புகிறார்கள். கேஜ் அழுத்தத்தைக் காட்டும், அளவைக் காட்டாது. ஏசி ஓடாமல் நிற்கும்போது உள்ளே திரவமும் ஆவியும் சேர்ந்திருக்கும். அந்த நிலையில் அழுத்தத்தைத் தீர்மானிப்பது வெப்பநிலை ஒன்றுதான். எஞ்சின் ஆறி எல்லாம் 35 டிகிரியில் இருக்கும்போது, ஆர்-134ஏ என்ற கேஸ் உள்ள ஏசியில் 250 கிராம் இருந்தாலும் 600 கிராம் இருந்தாலும் கேஜ் சுமார் 114 பிஎஸ்ஐ-தான் காட்டும். அடுப்படியில் எல்லாரும் அறிந்த சங்கதி இது. சிலிண்டர் நிறைய இருந்தாலும் கால்வாசி இருந்தாலும் அடுப்பு ஒரே மாதிரிதான் எரிகிறது. மீதி எவ்வளவு என்று தெரிய அதை நிறுத்துத்தான் பார்க்க வேண்டும்.

ஏசியை ஓடவிட்டுத்தானே கேஜைப் பார்க்கிறோம், அப்போது தெரியாதா? ஓரளவு தெரியும். ஆனால் ஓடும் ஏசியின் அழுத்தம் எஞ்சின் வேகம், வெளி வெப்பம், ஈரப்பதம், ப்ளோயர் வேகம், கண்டென்சர் மீது படும் காற்று என எல்லாவற்றையும் பொறுத்து மாறும். ஒரே எண்ணுக்கு இரண்டு மூன்று காரணங்கள் இருக்க முடியும். குழாயைத் தொட்டே நிலைமையைச் சொல்லும் மெக்கானிக்குகள் இருக்கிறார்கள். அந்தக் கைப்பழக்கத்தைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. ஆனால் அதில் ஒரு பகுதி ஆர்-12 என்ற பழைய கேஸின் காலத்தில் உருவானது. அப்போது டிரையர் மேலிருக்கும் கண்ணாடியில் குமிழி மறையும்வரை ஏற்றினால் அளவு சரியாக இருக்கும். ஆர்-134ஏ-யில் அளவு சரியாக இருக்கும்போதும் குமிழி தெரியலாம். அதை மறைக்கப் பார்த்தால் கேஸ் கூடிவிடும்.

ஆர்-12 ஓசோன் படலத்தை அரிக்கும் என்று மரியோ மொலினாவும் ஷெர்வுட் ரோலண்டும் 1974-ல் எச்சரித்தார்கள். 1987-ல் மான்ட்ரியல் உடன்படிக்கை வந்தது, 2010-ல் இந்தியாவிலும் அந்த கேஸுக்கு முற்றுப்புள்ளி வைக்கப்பட்டது. தொண்ணூறுகளில் ஆர்-12-க்கென்று மாட்டிய ஏசிகளில் இன்று ஓடுவது பெரும்பாலும் ஆர்-134ஏ. இரண்டும் ஒன்றல்ல. கண்டென்சர் 60 டிகிரியில் இருந்தால் ஆர்-12-ன் அழுத்தம் சுமார் 15 பார், ஆர்-134ஏ-க்கு அது 17 பாரை ஒட்டும். பழைய கண்டென்சருக்கு இது கூடுதல் சுமை. ஆயிலும் மாற வேண்டும்: ஆர்-12-க்குப் போட்ட மினரல் ஆயில் ஆர்-134ஏ-யில் கலக்காது. கலக்காத ஆயில் குழாய்களிலும் கூலிங் காயிலிலும் தேங்கிவிடும், கம்ப்ரஸருக்குத் திரும்பி வராது. கேஸ் குறைந்தாலும் இதே விளைவுதான். ஆயிலைச் சுமந்து திரும்புவது கேஸ் என்பதால், அது குறைந்தால் கம்ப்ரஸர் வறண்டு தேயும். கூடினால் அழுத்தம் ஏறி, மாருதி 800-ன் 796 சிசி எஞ்சின் போன்ற சின்ன எஞ்சினை இழுக்கும். திரவமாகவே கேஸ் கம்ப்ரஸருக்குள் நுழைந்து வால்வுகளை உடைக்கவும் கூடும். வருஷா வருஷம் குத்துமதிப்பாக ஏற்றும் காரில் இந்த இரண்டு கேடும் மாறி மாறி நடக்கின்றன.

சரியான வழி ஒரு நாள் வேலைதான். மிச்சமுள்ள கேஸை மெஷின் வைத்து உறிஞ்சி எடுத்து, கசிவை அடைத்து, டிரையரையும் ஓ-ரிங்குகளையும் மாற்றி, கேஸுக்கு ஏற்ற ஆயில் போட வேண்டும். அதன் பின் வாக்வம். இதைப் பத்து நிமிஷத்தில் முடிப்பது பெரிய தவறு. உள்ளே சிக்கிய ஈரம் 30 டிகிரியில் ஆவியாக, அழுத்தம் 32 மில்லிமீட்டர் பாதரசத்துக்குக் கீழே இறங்க வேண்டும். இறங்கியும் கொஞ்ச நேரம் பம்ப் ஓட வேண்டும். ஈரம் மிஞ்சினால் எக்ஸ்பான்ஷன் வால்வில் பனியாக உறைந்து அடைக்கும், நாளடைவில் அமிலமாகி உலோகத்தை அரிக்கும். பம்பை நிறுத்திய பிறகு முள் நகராமல் நின்றால் கசிவும் அடைபட்டது என்று பொருள். பிறகு சிலிண்டரை எடை மெஷின் மேல் வைத்து ஏற்ற வேண்டும். பழைய ஆர்-12 அளவு தெரிந்தால் அதில் 80 முதல் 90 சதவீதம் தொடக்கப் புள்ளி. தெரியாவிட்டால் குறைவாகத் தொடங்கி, எஞ்சினை நிமிஷத்துக்கு 1500 சுற்றில் ஓடவிட்டு, ஐம்பது ஐம்பது கிராமாகக் கூட்டி, வென்ட்டில் தெர்மாமீட்டர் வைத்துப் பார்க்க வேண்டும். குளிர் மேலும் கூடாமல் அழுத்தம் மட்டும் ஏறத் தொடங்கும் இடத்துக்குச் சற்று முன்னால் நிறுத்தி, அந்த எடையை எழுதி பானட்டுக்கு அடியில் ஒட்டிவிட வேண்டும். இந்தக் காருக்கு இதுவரை இல்லாத ஸ்டிக்கர் அது. அடுத்த மெக்கானிக் ஊகிக்க வேண்டியதில்லை. கேஸ் போய்விட்டாலோ அழுத்தம் எகிறினாலோ கம்ப்ரஸரை நிறுத்தும் பிரஷர் ஸ்விட்ச் இல்லாவிட்டால் அதையும் அப்போதே மாட்டிவிடலாம். விலை அதிகமில்லை.

இவ்வளவும் செய்தும் சிக்னலில் நின்றால் குளிர் போய்விடுகிறது என்ற புகார் வரும். அதற்கும் கேஸ்மீது பழி விழுகிறது. அம்பாசிடரின் ஃபேன் எஞ்சினோடு சுற்றுவது; வண்டி நிற்கையில் எஞ்சின் மெதுவாக ஓட, ஃபேனும் மெதுவாகிறது. வெப்பம் வெளியேற வழியில்லாமல் கண்டென்சர் கொதிக்கிறது. இங்கே கேஸ் கூட்டினால் நிலைமை மோசமாகும். கண்டென்சருக்கு முன்னால் ஓர் எலக்ட்ரிக் ஃபேன் வைப்பதும், ஃபின்களில் அடைந்த மண்ணைத் தண்ணீர் அடித்துக் கழுவுவதும்தான் தீர்வு. இன்னொரு தவறும் நடக்கிறது: ஆர்-12-க்கு மாற்று என்று எல்பிஜி வகைக் கலவையைச் சிலர் ஏற்றுகிறார்கள். குளிர்விப்பதில் அதற்குக் குறையில்லை, ஃப்ரிட்ஜிலும் ஐசோபியூட்டேன்தானே இருக்கிறது என்பது அவர்கள் வாதம். ஃப்ரிட்ஜில் அது சில பத்து கிராம், வெல்டிங் செய்த கூட்டுக்குள். காரில் கூலிங் காயில் இருப்பதோ பயணிகளின் முழங்காலுக்கு முன்னால். காற்றில் இரண்டு சதவீதம் கலந்தாலே தீப்பற்றும் கேஸை, கசிவு தேடப்படாத ஏசியில் ஏற்றக் கூடாது.

பழைய காருக்கு இத்தனை செலவா என்ற தயக்கம் எனக்குப் புரிகிறது. கம்ப்ரஸர் விலையையும், சில வருஷங்களில் ஏற்றிய கேஸின் விலையையும் கூட்டிப் பார்த்தால் அந்தத் தயக்கம் நிற்காது. பணத்தில் வராத கணக்கும் ஒன்று உண்டு. ஆர்-134ஏ ஓசோனைத் தொடுவதில்லை. ஆனால் நூறாண்டுக் கணக்கில் கார்பன் டை ஆக்ஸைடைப் போல் 1430 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கிறது. அரைக் கிலோ கசிந்தால் அது 715 கிலோ கார்பன் டை ஆக்ஸைடுக்குச் சமம், அதாவது சுமார் 300 லிட்டர் பெட்ரோல் எரித்த அளவு. 2021-ல் இந்தியா ஏற்ற கிகாலி திருத்தத்தின்படி, இந்த வகை கேஸ்களின் பயன்பாட்டை 2028-ல் மேலும் கூடாமல் நிறுத்தி, 2047-க்குள் 85 சதவீதம் குறைக்க வேண்டும். ஆர்-12 ஏசி வைத்திருந்தவர்கள் ஒருமுறை சந்தித்த தட்டுப்பாட்டை ஆர்-134ஏ வைத்திருப்பவர்களும் சந்திக்கப்போகிறார்கள். புதிய கேஸுக்கு மாற்ற அப்போது மறுபடி கண்டென்சரிலிருந்து ஆயில்வரை எல்லாவற்றையும் யோசிக்க வேண்டிவரும். கசியாமல் அடைத்து, நிறுத்து ஏற்றிய ஏசிக்கு மட்டும் அந்த அவசரம் இருக்காது.