குடியை நிறுத்திய முதல் நான்கு நாட்கள்

2020 மார்ச் கடைசியில் ஊரடங்கு வந்ததும் நாடெங்கும் மதுக்கடைகள் மூடப்பட்டன. கேரளத்தில் சில நாட்களுக்குள்ளேயே கைநடுக்கம், வலிப்பு, மனக்குழப்பம் என்று பலர் மருத்துவமனைகளுக்கு வந்தார்கள். தற்கொலைச் செய்திகளும் வந்தன. மருத்துவர் சீட்டு இருந்தால் மது தரலாம் என்று மாநில அரசு ஆணை போட்டது. மருத்துவர் சங்கங்கள் கடுமையாக எதிர்த்தன. ஏப்ரல் 2 அன்று கேரள உயர் நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. குடியை நிறுத்துவதால் வரும் உபாதைக்கு மது மருந்தல்ல, அதற்கென்று தனிச் சிகிச்சை இருக்கிறது என்பதே மருத்துவர்களின் வாதம்.

அந்தச் சிகிச்சையைப் பற்றி நம் வீடுகளில் அதிகம் தெரியாது. கோயிலில் கயிறு கட்டிக்கொண்டு ஒரே நாளில் நிறுத்துகிறவர்கள் உண்டு. அறைக்குள் வைத்துப் பூட்டுகிற குடும்பங்களும் உண்டு. நோக்கம் நல்லதுதான். ஆனால் பல வருடங்களாக நாள் தவறாமல் அதிகமாகக் குடித்தவருக்கு இது உயிராபத்தாக முடியலாம்.

மது மூளையின் வேகத்தைக் குறைக்கும். தினமும் குடித்தால், அதை ஈடுகட்ட மூளை தன் கிளர்ச்சியைக் கூட்டிக்கொண்டே போகும். திடீரென மது நின்றுவிட்டால், வடமிழுப்பில் எதிர்ப்பக்கத்தார் கைவிட்ட வடம்போல, கூட்டிவைத்த கிளர்ச்சி முழுவதும் கட்டறுந்து பாயும்.

கடைசியாகக் குடித்து 6 மணி நேரத்துக்குப் பிறகு கை நடுங்கத் தொடங்கும். வியர்வை, படபடப்பு, குமட்டல், தூக்கமின்மை சேர்ந்துகொள்ளும். முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாள்வரை இன்னொரு ஆபத்து உண்டு. சிலருக்குக் காய்ச்சலும் கடும் நடுக்கமும் கண்டு, நாள், இடம் எல்லாம் குழம்பி, இல்லாத பூச்சிகள் கண்ணுக்குத் தெரியும். ‘டெலிரியம் ட்ரெமன்ஸ்’ எனப்படும் இந்த நிலை கவனிக்காமல் விட்டால் உயிரைப் பறிக்கும். தினமும் குடிக்கிறவர் காலெலும்பு முறிந்து மருத்துவமனையில் சேர்ந்து மூன்றாம் நாள் திடீரென்று பிதற்றுவதற்குக் காரணம் பல சமயம் இதுதான். குடிப்பழக்கத்தை மருத்துவரிடம் மறைக்கவே கூடாது.

சிகிச்சை சிக்கலானதல்ல. மூளையின் கிளர்ச்சியை அடக்கும் டயசெபாம் வகை மருந்துகளை அளவாகத் தொடங்கி, சில நாட்களில் படிப்படியாகக் குறைத்து நிறுத்துவார்கள். கூடவே தயமின் என்ற வைட்டமின் பி1 கொடுப்பார்கள். நீண்ட நாள் குடித்தவர்களுக்கு இந்தச் சத்து வற்றிப்போயிருக்கும். அந்தக் குறை மூளையை நிரந்தரமாகப் பாதிக்கக்கூடியது. முன்பு வலிப்பு வந்தவர்கள், வயதானவர்கள், கல்லீரல் நோயுள்ளவர்கள் வீட்டில் இருந்தபடி முயலாமல் மருத்துவமனையில் சேர்வதே பாதுகாப்பு.

தூக்க மாத்திரைக்குப் பழகியவர்களும் சட்டென்று நிறுத்தக் கூடாது. அவர்களுக்கும் வலிப்பு வரலாம். வாரக்கணக்கில், மாதக்கணக்கில்கூட, மெல்லக் குறைக்க வேண்டியிருக்கும். ஹெராயின் போன்றவற்றை நிறுத்தும்போது உடம்புவலியும் வயிற்றுப்போக்கும் வாட்டியெடுக்கும். உயிராபத்து பெரும்பாலும் அப்போது வருவதில்லை, பிறகுதான் வருகிறது. சில வாரம் விலகியிருந்தாலே உடம்பின் தாங்குதிறன் இறங்கிவிடும். மறுபடி பழைய அளவை எடுத்தால் மூச்சு நின்றுவிடக்கூடும். அதனால்தான் பியூப்ரெநார்ஃபின் போன்ற மருந்தைத் தொடர்ந்து தருகிறார்கள்.

‘அவருக்குத் தெரியாமலே குடியை நிறுத்தலாம்’ என்று விற்கும் பொடிகளைச் சாப்பாட்டில் கலப்பது ஆபத்து. அவற்றில் மதுவோடு சேரக் கூடாத டைசல்பிராம் என்ற மருந்து இருந்து, தெரியாமல் அவர் குடித்தும் விட்டால், ரத்த அழுத்தம் சரிந்து இதயமே பாதிக்கப்படலாம்.

உடம்பிலிருந்து மது இறங்கச் சில நாட்கள் போதும். பழக்கம் விலக மாதங்கள் ஆகும். அதற்கு மனநல ஆலோசனையும் குடும்பத்தின் துணையும் வேண்டும். 1980-இல் சாந்தி ரங்கநாதன் சென்னையில் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை இதற்கென்றே இயங்குகிறது. ஆனாலும் 2019-இல் வெளியான எய்ம்ஸ் ஆய்வின்படி, இந்தியாவில் மதுவுக்கு அடிமையான 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதாவதொரு சிகிச்சை கிடைத்திருக்கிறது. அரசின் இலவச உதவி எண் 14446. வலிப்போ பிதற்றலோ கண்டால் காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள்.